காசு வருது, ஆள் வரேல்லை

“நெட்வொர்க்கிங்” என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்குப் பல வருடங்களாக ஒரே காட்சிதான் வந்தது. ஏதோ ஒரு ஹோட்டல் மண்டபம். எல்லோர் கழுத்திலும் பெயர் அட்டை. கையில் ஆறிப்போன கோப்பி. உங்களோடு கதைத்துக்கொண்டே, உங்களைவிட முக்கியமான ஆள் யாராவது வந்துவிட்டாரா என்று வாசலைப் பார்க்கும் கண்கள். அது எங்கட ஆட்களுக்கான விஷயம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அது பிழையான நினைப்பு. வெம்பிளியில் நான் வளர்ந்த வீட்டில் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. அப்பா அதைக் “கேஷ் அண்ட் கேரிக்குப் போட்டு வாறன்” என்று சொல்வார். அம்மா அதைச் “சீட்டு” என்று சொல்வார்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இதுதான். சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களுக்கு, நாளைக்குச் செய்யப்போகிறவர்களுக்கு, ஆட்களை நேரில் சந்திப்பது வேலை முடிந்தபின் செய்யும் பொழுதுபோக்கு அல்ல. அதுவே வேலையின் ஒரு பகுதி. ஆனால் எங்கள் அப்பா அம்மா செய்த மாதிரியே செய்தாலும் போதாது. அவர்களிடம் எடுக்க வேண்டியதும் இருக்கிறது, விட வேண்டியதும் இருக்கிறது.

முதலில் ஒரு கடிதத்தின் கதையைச் சொல்கிறேன்.

2012. நான் ஜி.சி.எஸ்.இ படித்துக்கொண்டிருந்தேன். ஈலிங் ரோட்டிலிருந்து பிரிந்து போகும் தெருவொன்றில் அப்பாவுக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. பேப்பர், பால், சிகரெட், போன் கார்ட், பின்பக்கத்தில் ஒரு தட்டு மட்டும் எங்கட சாமான். பள்ளிக்கூடம் முடிந்து கடைக்குப் போனால் கல்லாவுக்குக் கீழே இருக்கும் கடிதங்களை எடுத்து வாசித்துச் சொல்வது என் வேலை. உங்களில் பாதிப்பேருக்கு இந்த வேலை தெரிந்திருக்கும்.

அன்றைக்கு ஒரு தடித்த கவர் இருந்தது. திறந்தும் இருந்தது.

“அப்பா, உது என்ன?”

“அது லேண்ட்லோர்ட் அனுப்பினது பிள்ளை. லீஸ் முடியப் போகுதெல்லோ. வாடகை கூட்டிக் கேக்கிறாங்கள். நான் அவங்கட ஆளோட போன்ல கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறன். நல்ல பொடியன்.”

நானும் வாசித்தேன். ‘செக்‌ஷன் 25’ என்று மேலே போட்டிருந்தது. புதிய லீஸுக்கு லேண்ட்லோர்ட் எதிர்ப்பில்லை என்றும் இவ்வளவு வாடகை வேண்டும் என்றும் இருந்தது. நடுவில் ஒரு திகதியும் இருந்தது. பதினாறு வயதில் எனக்கு அந்தத் திகதி ஒன்றையும் சொல்லவில்லை. “சரி அப்பா, பிரச்சினை இல்லை” என்று சொல்லிக் கடிதத்தைத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன்.

அப்பா தன் சிநேகிதர்களிடமும் கேட்டிருக்கிறார். எல்லோரும் எங்கட ஆட்கள், எல்லோரும் கடைக்காரர்கள். “கதைச்சுக்கொண்டுதானே இருக்கிறாங்கள், விடும்” என்றார்கள். ஒருவர்கூட வேறு மாதிரிச் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, பார்க் ரோயல் பக்கத்தில் உள்ள கேஷ் அண்ட் கேரியில் அப்பா தள்ளுவண்டியோடு வரிசையில் நின்றார். முன்னால் நின்றவர் ஒரு குஜராத்திக் கடைக்காரர். பல வருடங்களாக முகம் தெரியும். “எப்படி வியாபாரம்?” என்பதற்கு மேல் கதைத்ததில்லை. அன்றைக்கு அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்து, “என்ன, நித்திரை இல்லையா?” என்று கேட்டிருக்கிறார். அப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வாடகைக் கதையைச் சொன்னார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அந்தக் கடிதத்தில் என்ன திகதி போட்டிருக்கிறது?”

அப்பாவுக்குத் தெரியாது. அவர் வரிசையை விட்டு அப்பாவை வெளியே கூட்டிக்கொண்டு போய் விளங்கப்படுத்தினார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1954ஆம் ஆண்டின் லேண்ட்லோர்ட் அண்ட் டெனன்ட் சட்டம் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு பாதுகாப்புத் தருகிறது. லீஸ் முடிந்தாலும் புதிய லீஸ் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் செக்‌ஷன் 25 நோட்டீஸ் வந்துவிட்டால், அதில் போட்டிருக்கும் திகதிக்கு முன்னர் நீங்கள் கோர்ட்டில் விண்ணப்பம் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் திகதியைத் தள்ளி வைக்க இரண்டு பக்கமும் எழுத்தில் உடன்பட வேண்டும். போனில் எவ்வளவு நட்பாகக் கதைத்தாலும் அது கணக்கில் வராது. திகதி தாண்டினால் உரிமை போய்விடும். அதற்குப் பிறகு லேண்ட்லோர்ட் கேட்கும் வாடகையைக் கொடுக்க வேண்டும், அல்லது கடையை விட வேண்டும்.

அவருடைய மைத்துனர் அப்படித்தான் ஒரு கடையை இழந்தாராம்.

அப்பா வீட்டுக்கு வந்து கடிதத்தை எடுத்துப் பார்த்தபோது ஐந்து வாரம் மிச்சம் இருந்தது. அடுத்த நாளே ஒரு சொலிசிட்டரிடம் போனார். விண்ணப்பம் போனது. பிறகு பேரம் நடந்தது. கேட்ட வாடகையைவிடக் குறைவாகப் புதிய லீஸ் கிடைத்தது. நான் பல்கலைக்கழகம் போனது அந்தக் கடையின் காசில்தான்.

(உங்கள் வீட்டிலும் கடை இருந்தால் ஒரு விஷயம். சில லீஸ்களில் இந்தப் பாதுகாப்பு தொடக்கத்திலேயே நீக்கப்பட்டிருக்கும். ஆகவே என் கதையைச் சட்ட ஆலோசனையாக எடுக்க வேண்டாம். லீஸை எடுத்துக்கொண்டு ஒரு சொலிசிட்டரிடம் போங்கள். திகதியை மட்டும் இன்றைக்கே பாருங்கள்.)

இந்தக் கதையைப் பல வருடங்களாக “நல்ல மனுசன் ஒருவர் உதவினார்” என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். அது உண்மைதான். ஆனால் எனக்கு வேறு ஒரு கேள்வி இருந்தது. அப்பாவின் உயிர்ச் சிநேகிதர்கள் பத்துப்பேருக்குத் தெரியாதது, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவருக்கு எப்படித் தெரிந்தது?

பதிலின் ஒரு பாதி வரலாறு. 1972இல் இடி அமின் ஆசியர்களை உகண்டாவிலிருந்து துரத்தியபோது ஏறத்தாழ 28,000 பேர் பிரித்தானியாவுக்கு வந்தார்கள். கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த குஜராத்தியர்களில் பலர் வெம்பிளியில் கடை போட்டார்கள். எங்கட ஆட்கள் பெருமளவில் வந்தது 1983க்குப் பிறகு. கடை போட்டது அதற்கும் பிறகு. அதாவது அவர்கள் முதல் லீஸ், இரண்டாவது லீஸ், வாடகைச் சண்டை, கோர்ட் எல்லாவற்றையும் பார்த்து முடித்த நேரத்தில், அப்பாவும் அவருடைய சிநேகிதர்களும் முதல் லீஸின் கடைசி வருடத்தில் இருந்தார்கள். பத்துப்பேரும் ஒரே காலத்தில் வந்தவர்கள், ஒரே மாதிரிக் கடை வைத்தவர்கள். ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்கும் தெரியாது.

மற்றப் பாதியை நான் பல்கலைக்கழகத்தில்தான் படித்தேன். 1973இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். பொஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களிடம், இந்த வேலையைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று அவர் கேட்டிருந்தார். தெரிந்த ஆள் மூலம் வேலை கிடைத்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேர்தான் அந்த ஆளை அடிக்கடி சந்திப்பவர்கள். 28 சதவீதம் பேர் அவரை வருடத்துக்கு ஒரு தடவை பார்ப்பதே அரிது. மற்ற எல்லோரும் இடைக்கிடை சந்திப்பவர்கள். நெருங்கிய சிநேகிதர்களுக்கு எங்கள்மேல் அக்கறை அதிகம். ஆனால் எங்களுக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். புதிய செய்தி கொஞ்சம் தள்ளி நிற்பவரிடமிருந்துதான் வரும்.

கேஷ் அண்ட் கேரி வரிசை அப்படிப்பட்ட ஆட்கள் நிற்கும் இடம். தமிழர், குஜராத்தி, பஞ்சாபி, பாகிஸ்தானி, ஆப்கானிஸ்தான்காரர், சோமாலியர். எல்லோருக்கும் ஒரே பிரச்சினை, ஆனால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு அனுபவம். அங்கே யாரும் உங்களைப் பார்க்க வரவில்லை. சாமான் வாங்க வந்தார்கள். அதனால்தான் கதை இயல்பாக வருகிறது.

இதையே வாட்ஸ்அப்பில் செய்ய முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்பாவிடம் இப்போது மூன்று கடைக்காரர் குழுக்கள் இருக்கின்றன. 2020 மே மாதம் பவுன்ஸ் பேக் கடன் திட்டம் தொடங்கியபோது, எந்த வங்கியில் எப்படி விண்ணப்பிப்பது என்ற செய்தி அவருக்கு அங்கேதான் வந்தது. கடைக்குள் இரண்டு பேருக்கு மேல் நிற்கக்கூட முடியாத நாட்கள் அவை. போன் இல்லாவிட்டால் நாங்கள் திண்டாடியிருப்போம்.

ஆனால் அந்தச் செக்‌ஷன் 25 கடிதம் இன்றைக்கு வந்திருந்தால் அப்பா குழுவில் என்ன கேட்டிருப்பார்? ஒன்றுமே கேட்டிருக்க மாட்டார். தனக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாதே! தெரியாத கேள்வியைத் தட்டச்சு செய்ய முடியாது, கூகுளில் தேடவும் முடியாது. அந்த மனிதர் அப்பாவின் செய்திக்குப் பதில் சொல்லவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டார். இன்னொன்று, இருபது பேர் இருக்கும் குழுவில் “எனக்கு வாடகை கட்ட முடியவில்லை” என்று எந்த அப்பா எழுதுவார்? வரிசையில் நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவரிடம் மெதுவாகச் சொல்ல முடியும்.

அம்மாவின் சீட்டிலும் இதே கதைதான். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருபது பெண்கள், மாதம் 200 பவுண்ஸ், மொத்தம் 4,000. அந்த மாதம் யாருக்கு அவசரமாகக் காசு வேண்டுமோ அவர் கழிவு சொல்லி எடுப்பார். ஒருவர் 400 பவுண்ஸ் கழித்து 3,600க்கு எடுத்தால், கழித்த 400ஐ இருபது பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 20 பவுண்ஸ். வங்கியில் கணக்கு வரலாறு இல்லாத பெண்கள் தையல் மெஷின் வாங்கியதும், சாப்பாட்டு ஓடருக்குப் பெரிய அடுப்பு வாங்கியதும், புருசனின் கடைக்கு முற்பணம் கட்டியதும் இந்தக் காசில்தான்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாதத்தில் ஒரு ஞாயிறு வீடு நிறையப் பெண்கள் இருப்பார்கள். தேத்தண்ணி, ரோல்ஸ், ஒரே சத்தம். எனக்கு எரிச்சலாக இருக்கும். எந்தக் கடை விலைக்கு வருகிறது, யாருடைய மகன் கணக்காளர் பரீட்சை பாஸ் பண்ணினான், யார் கலியாணத்துக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடு வேண்டும், எல்லாம் அங்கேதான் கைமாறும். அம்மாவின் கேட்டரிங் ஓடர்களில் முக்கால்வாசி அந்த ஹோலில் பிறந்தவை.

இப்போதும் சீட்டு நடக்கிறது. எல்லோரும் வங்கி மூலம் காசை அனுப்பிவிடுகிறார்கள். கழிவும் வாட்ஸ்அப்பில். வசதிதான். ஆனால் போன மாதம் அம்மா போனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “காசு வருது, ஆள் வரேல்லை.”

அவர் சீட்டைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு அது என் முழுத் தலைமுறையைப் பற்றியும் சொன்ன மாதிரி இருந்தது.

ஆனால் இங்கே நான் பழையதை மட்டும் புகழ்ந்துவிட்டு நிறுத்த முடியாது. எங்கள் வட்டங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அவை மூடிக்கொள்ளும். சீட்டில் யாரைச் சேர்ப்பது என்பதில் ஊர் பார்ப்பார்கள், வெளியே சொல்லாமல் சாதியும் பார்ப்பார்கள். கேஷ் அண்ட் கேரிக்குப் போவது ஆண்கள். அம்மா பத்து வருடம் கேட்டரிங் செய்தும் அந்த வரிசையில் ஒருநாளும் நின்றதில்லை. யாராவது சீட்டை எடுத்துவிட்டுக் காணாமல் போனால், எழுத்தில் ஒன்றும் இல்லாததால் மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். எங்கள் தெருவிலேயே அப்படி நடந்திருக்கிறது.

மூடிய வட்டம் எவ்வளவு பலமானது, எவ்வளவு ஆபத்தானது என்பதற்குத் தமிழர் வரலாற்றிலேயே பெரிய உதாரணம் ஒன்று உண்டு. செட்டிநாட்டு நகரத்தார். நூறு வருடங்களுக்கு முன்னர் பர்மா, மலாயா, சிங்கப்பூர் எங்கும் வட்டிக்கடை நடத்தியவர்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கட்டடத்துக்குள் பல நிறுவனங்கள்; ஒவ்வொன்றுக்கும் தரையில் ஒரு துண்டு இடம், ஒரு பெட்டி, ஒரு கணக்குப்பிள்ளை. போட்டியாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். எந்தக் கடனாளி ஒழுங்காகக் கட்டுகிறான், எவன் ஏமாற்றுகிறான் என்பது மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இன்றைக்குக் காசு கொடுத்துப் போகிற ‘கோ-வொர்க்கிங்’ இடங்களை அவர்கள் அப்போதே வைத்திருந்தார்கள். ரங்கூனில் மொகல் ஸ்ட்ரீட்டில் இருந்த தங்கள் கோயிலில் மாதாமாதம் கூடி, தங்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கான வட்டியைத் தீர்மானித்தார்கள்.

பிறகு 1930களின் பொருளாதார மந்தம் வந்தது. நெல்லின் விலை விழுந்தது. பர்மிய விவசாயிகளால் கடன் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் செட்டியார்களின் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது. 1938இல் அது சுமார் 25 சதவீதம். அவர்கள் கேட்டது காசு, கிடைத்தது நிலமும் அந்த நாட்டு மக்களின் கோபமும். 1942இல் ஜப்பானியர் வந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவருக்கொருவர் அவ்வளவு நெருக்கமாக இருந்தவர்கள். ஆனால் எல்லோருடைய காசும் ஒரே நெல்லில், ஒரே மண்ணில் இருந்தது. விழும்போது எல்லோரும் சேர்ந்து விழுந்தார்கள்.

அப்பாவின் பத்துச் சிநேகிதர்களும் இந்தச் செட்டியார்களும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பாடம் ஒன்றுதான். எங்களோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறவர்களை மட்டும் சந்தித்தால், நாங்கள் சந்திப்பது எங்களையேதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். மூன்று வருடங்களுக்கு முன்னர் அம்மாவின் வறுத்த கறித்தூளைப் போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கினேன். வீட்டில் சாப்பாட்டுச் சாமான் செய்து விற்பதென்றால் தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன்னர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் காசில்லை. பதிவு செய்தேன். வடிவான லோகோ, வடிவான படங்கள், இன்ஸ்டாகிராம். எட்டு மாதம் முடிய லைக் நிறைய, ஓடர் கொஞ்சம். அதிலும் பாதி மச்சாள்மார்.

கடைசியில் வெட்கத்தை விட்டு, பையில் ஆறு போத்தலோடு ஈலிங் ரோட்டில் கடை கடையாக ஏறினேன். முதல் இரண்டு கடையிலும் “பிறகு வாங்கோ பிள்ளை” என்றார்கள். மூன்றாவது கடைக்கார அண்ணா போத்தலை எடுத்துத் தன் தட்டில் வைத்துக் காட்டினார். நிற்கவில்லை. என் போத்தல் அவருடைய தட்டைவிட உயரம்! “பார்கோட் இல்லை. உள்ளுக்கு கடுகு இருக்கெண்டால் அதைத் தடிச்ச எழுத்தில போட வேணும், அலர்ஜிக்காரர் பாப்பினம். அதோட, இதை என்னண்டு பாவிக்கிறதெண்டு தமிழ் தெரியாத சனத்துக்கு ஆர் சொல்லுறது?” ஐந்து நிமிடம். எட்டு மாதத்தில் ஒரு ஃபாலோவர்கூட எனக்கு இதைச் சொல்லவில்லை. அவர்கள் எல்லோரும் இதயம் போட்டார்கள்.

பிறகு பிரிட்டிஷ் லைப்ரரிக்குப் போனேன். செயின்ட் பாங்க்ரஸில் உள்ள அந்த நூலகத்துக்குள் 2006 முதல் சிறு தொழில் செய்கிறவர்களுக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. வெம்பிளி பார்க்கிலிருந்து மெட்ரோபொலிட்டன் ரயிலில் ஏறினால் மாறாமல் போகலாம். அங்கே ஒரு பட்டறையில் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் ஹார்ல்ஸ்டனில் மிளகாய் சோஸ் செய்யும் ஒரு ஜமேக்கா அன்ரி. பட்டறையில் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். ஆனால் இடைவேளையில் நாங்கள் இருவரும் ஒரே விஷயத்துக்குப் புலம்பினோம். போத்தல் மொத்தமாக வாங்கினால் மலிவு, ஆனால் குறைந்தது ஒரு முழுப் பலட் எடுக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் அது அதிகம். இப்போது இரண்டு பேரும் ஒரே உயரப் போத்தலைத் தெரிவு செய்து ஒரு பலட்டைப் பாதி பாதியாகப் பிரிக்கிறோம். என்னுடைய கறித்தூள் இன்று ஏழு கடையில் இருக்கிறது. அதில் இரண்டு, அந்த அன்ரி கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்திய கடைகள். அங்கே நான் தனியாக ஏறியிருக்கவே மாட்டேன்.

“எனக்குக் கூச்சம், முகம் பார்த்துக் கதைக்க வராது” என்று சிலர் சொல்வீர்கள். எனக்கும் வராது. கைக்குழந்தை உள்ளவர்கள், வீட்டில் நோயாளியைப் பார்ப்பவர்கள், இரண்டு வேலை செய்பவர்கள் கூட்டங்களுக்குப் போக முடியாது என்பதும் உண்மை. அதனால்தான் பெயர் அட்டை மாட்டும் கூட்டங்களுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. ஏற்கனவே போகும் இடத்தில் கொஞ்சம் கூட நேரம் நில்லுங்கள் என்கிறேன். மொத்தச் சந்தை, கோயில் தேர், தமிழ்ப் பள்ளிக்கூட வாசல், நூலகம். அங்கே ஒரு ஆளிடம் ஒரு உண்மையான கேள்வி கேட்டால் போதும்.

கேட்பதற்கு மட்டுமல்ல, கொடுப்பதற்கும் எங்களிடம் ஒன்று இருக்கிறது. அதை நாங்கள் மறந்துவிடுகிறோம். நாங்கள் கடிதம் வாசித்து வளர்ந்தவர்கள். தனி ஆளாகத் தொழில் செய்து வருடம் 50,000 பவுண்ஸுக்கு மேல் வரவு உள்ளவர்கள் 2026 ஏப்ரலிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டிஜிட்டல் முறையில் வரிக் கணக்கு அனுப்ப வேண்டும். அடுத்த ஏப்ரலில் அந்த எல்லை 30,000 ஆகக் குறைகிறது. இந்த நாட்டில் 2024இல் இருந்த சுமார் 55 லட்சம் தனியார் தொழில்களில் ஏறத்தாழ 41 லட்சத்தில் சம்பளத்துக்கு ஒரு ஆள்கூட இல்லை. அதாவது கடிதம் வந்தால் திரும்பிப் பார்த்துக் கேட்கப் பக்கத்தில் யாரும் இல்லாதவர்கள். உங்கள் தெருவில் அப்படி எத்தனை பேர்? சலூன்கார அண்ணா, தையல்கார அன்ரி, வான் ஓட்டும் மாமா. அவர்களுக்கு இந்த வரி விஷயத்தைப் பத்து நிமிடம் உட்கார்ந்து விளங்கப்படுத்தினால், அடுத்த தடவை உங்கள் போத்தல் தட்டில் நிற்காதபோது அவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னர் நான் அம்மாவிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். காசு வங்கியிலேயே வரட்டும், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது ஆட்களைக் கூப்பிடுங்கள், ரோல்ஸ் நான் வாங்கித் தருகிறேன் என்றேன். அம்மா யோசித்துவிட்டுச் சம்மதித்தார். நான் இன்னொன்றும் கேட்டேன். ஹார்ல்ஸ்டன் அன்ரியையும் கூப்பிடலாமா?

“அவவுக்குத் தமிழ் தெரியாதே பிள்ளை.”

“உங்களுக்குச் சோஸ் செய்யத் தெரியாதே அம்மா.”

அம்மா சிரித்தார். வரும் ஞாயிறு அவர் வருகிறார். சீட்டில் சேர்ப்பதா இல்லையா என்பதை அந்த இருபது பேரும் முடிவு செய்யட்டும். தேத்தண்ணி குடிக்கச் சீட்டுக் கட்டத் தேவையில்லை.

அப்பா இன்னும் வியாழக்கிழமைகளில் கேஷ் அண்ட் கேரிக்குப் போகிறார். இப்போது நானும் கூடப் போகிறேன். அந்தக் குஜராத்தி அங்கிள் ஓய்வு எடுத்துவிட்டார். கடையை மகள் நடத்துகிறாள். போன வாரம் வரிசையில் அவள் எனக்குப் பின்னால் நின்றாள். கண்ணைச் சுற்றிக் கருமை.

“என்ன, நித்திரை இல்லையா?” என்று கேட்டேன்.